அறியாத கடவுளுக்கு ஒரு பீடம்: அரூப ஓவியமும் நம் நம்பிக்கையும்



குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் ஒரு கவலையோடு வந்தார். சென்னையில் படிக்கும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்தபோது பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்து, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டிவிட்டாளாம். ஆரஞ்சு நிறப் பின்னணியில் சுருள்கள், வட்டங்கள், பூவிதழ் போன்ற வளைவுகள். ஆள் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. "இதிலே என்னம்மா இருக்கு?" என்று தாய் கேட்டிருக்கிறார். "இதைப் பார்த்துக்கிட்டே இருந்தா மனசு அமைதியாகுதும்மா. எனக்கு இதுதான் செபம். கோயிலுக்கு வந்தாத்தான் செபமா?" என்றாளாம் மகள்.

"படத்தைக் கிழிச்சுப் போடவும் மனசு வரல. அப்படியே விடவும் பயமா இருக்கு. இது நல்லதா, கெட்டதாங்க?" என்பதுதான் அந்தத் தாயின் கேள்வி.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது, அதை வரைந்தவர் எதைத் தேடினார், திருச்சபை அதை எப்படிப் பார்க்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும். தேடிப் பார்த்தபோது நமக்கே வியப்பு காத்திருந்தது. இந்தக் கதையின் ஒரு இழை நம் நீலகிரி மலை வழியாகவே போகிறது. எனவே அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோரோடும் சேர்ந்தே சிந்திப்போம்.

உருவம் இல்லாத அடையாளங்கள் நமக்குப் புதியவையா?

கண்ணால் காணும் பொருள்களை வரையாமல், நிறம், கோடு, வடிவம் ஆகியவற்றை மட்டும் கொண்டு வரையப்படுவதை அரூப ஓவியம் என்கிறோம். ஐரோப்பாவில் இது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இயக்கமாக எழுந்தது. "புரியாத கிறுக்கல்" என்று இன்றும் பலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் நம் வாழ்க்கையைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

நம் மலையின் தோடர் இனப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பூத்தையல் போடுகிறார்கள். துணியில் முன்கூட்டியே எதையும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. முயல் காது, எருமைக் கொம்பு என்று அந்த வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. ஆனால் துணியில் நாம் காண்பது கோடுகளும் கட்டங்களும்தான். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலை கொண்ட பூத்துக்குளிப் போர்வை, தோடர்களின் வாழ்வின் முக்கிய நேரங்களில் எல்லாம் உடன் இருக்கிறது. இறந்தவரைப் போர்த்துவதும் அதுவே. நம் வீட்டு வாசலில் போடும் கோலமும் இப்படிப்பட்டதே.

ஆலயத்துக்குள் வருவோம். தவக்காலத்தில் ஊதா, பாஸ்காவில் வெள்ளை, தூய ஆவியின் பெருவிழாவிலும் மறைச்சாட்சிகள் நாளிலும் சிவப்பு, பொதுக்காலத்தில் பச்சை. குருவானவர் அணியும் திருவுடையின் நிறத்தைப் பார்த்தே அது எந்தக் காலம் என்று நம் பாட்டிமார்களும் சொல்லிவிடுவார்கள். நிறம் அங்கே பேசுகிறது. பாஸ்கா திரியில் உள்ள அகரமும் னகரமும், மூவொரு கடவுளைக் குறிக்கும் முக்கோணம், முடிவில்லாமையைக் குறிக்கும் வட்டம் ஆகிய எல்லாமே காணக்கூடிய ஒரு வடிவத்தின் வழியாகக் காண முடியாத ஒன்றைச் சுட்டுகின்றன. அடையாளம் என்பதன் பொருளே இதுதான்.

பழைய ஏற்பாட்டு இஸ்ரயேலர் இதில் நமக்கு முன்னோடிகள். சீனாய் மலையில் அவர்கள் குரலைக் கேட்டார்களே தவிர உருவம் எதையும் காணவில்லை என்று இணைச்சட்ட நூல் (4:12) நினைவூட்டுகிறது. திருத்தூயகத்தில் உடன்படிக்கைப் பேழையின்மேல் இரண்டு கெருபுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே கடவுளின் சிலை எதுவும் இல்லை, வெறும் இடம்தான். அந்த இடத்திலிருந்துதான் ஆண்டவர் மோசேயுடன் பேசினார் (விடுதலைப் பயணம் 25:22). ஆகவே, உருவம் இல்லை என்பதால் மட்டும் ஒன்று நம் நம்பிக்கைக்குப் பகை ஆகிவிடாது.

உதகையில் தங்கிய ஒரு ரஷ்யப் பெண்மணி

இனி அந்த நீலகிரி இழைக்கு வருவோம். 1875-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிரம்மஞான சபை தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ரஷ்யாவிலிருந்து வந்த ஹெலினா பிளவாட்ஸ்கியும் அமெரிக்கரான ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டும். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே மறைவான ஞானம் இருக்கிறது, அதைச் சிலர் மட்டுமே அறிந்திருக்கிறார்கள், மனிதன் பொருளிலிருந்து விடுபட்டுப் படிப்படியாக ஆவியின் நிலைக்கு உயர்கிறான் என்பவை அவர்களின் கருத்துகள். 1882-ஆம் ஆண்டின் முடிவில் சபையின் தலைமையிடம் சென்னை அடையாறுக்கு வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1883-இல், பிளவாட்ஸ்கி அம்மையார் உதகைக்கு வந்து மார்கன் என்ற ஆங்கிலேயப் படைத்தளபதியின் குடும்பத்தாரோடு சில வாரங்கள் தங்கினார். ஆல்காட்டும் அங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் அவர் உதகையில் 'குலிஸ்தான்' என்ற பெயரில் ஒரு குடிலே கட்டிக்கொண்டார். நீலகிரியைப் பற்றி அம்மையார் ரஷ்ய மொழியில் எழுதிய தொடர் 1884-85 ஆண்டுகளில் ஒரு ரஷ்ய இதழில் வெளிவந்தது.

அந்தத் தொடரில் ஒரு செய்தி நம்மை உறுத்துகிறது. தோடர்களை மறைஞானம் கொண்ட தேவர்களைப் போலவும், குறும்பர்களைத் தீய மந்திரவாதிகளைப் போலவும் அவர் சித்திரித்தார். இரண்டுமே உண்மை அல்ல. தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்த மனிதர்கள். குறும்பர்கள் காட்டுத் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த மனிதர்கள். பசியும் நோயும் அன்பும் இழப்பும் இருவருக்கும் உண்டு. காணாத உலகத்தைத் தேடும் ஆர்வத்தில், கண்ணெதிரே நின்ற மனிதர்களை வெறும் அடையாளங்களாக ஆக்கிவிட்டார் அவர். இந்தத் தவற்றை மனதில் வைத்துக்கொள்வோம். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

அடையாறிலிருந்து ஓவியர்களின் அறை வரை

20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் சார்லஸ் லெட்பீட்டரும் சேர்ந்து 'எண்ண வடிவங்கள்' என்று பொருள்படும் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். மனிதனின் எண்ணங்களும் உணர்வுகளும் காற்றில் நிறமும் வடிவமும் கொள்கின்றன என்று அது கூறியது. பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள், அன்புக்கு இளஞ்சிவப்பு, அச்சத்துக்குச் சாம்பல் என்று ஒரு நிறப் பட்டியலும் உண்டு. பக்தி மேல்நோக்கிக் கூர்ந்து எழும் நீல வடிவமாக வரையப்பட்டிருந்தது. ஆலய இசைக்கருவியில் வாசிக்கப்படும் இசை கூட வண்ண மேகமாகக் காட்டப்பட்டது. வரைந்தவர்கள் இதைக் கலை என்று எண்ணவில்லை. ஆனால் உருவமற்ற வடிவங்களால் உள்ளத்தைக் காட்டலாம் என்ற எண்ணம், ஐரோப்பாவின் ஓவியர்கள் சிலரைத் தொட்டது. எந்த அளவுக்குத் தொட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொட்டது என்பதில் இல்லை.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. 1895-இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கதிரியக்கம். கம்பியில்லாத் தந்தி வந்தது. கண்ணுக்குத் தெரிவது மட்டுமே உண்மை என்ற உறுதி ஆட்டம் கண்டது. மறுபக்கம், தொழிற்சாலைகளும் பணமும் மனிதனை வெறும் உடலாக, வெறும் கூலியாகப் பார்த்தன. இந்த வறட்சியில் பலருக்கு ஆன்ம தாகம் எடுத்தது. நான்கு ஓவியர்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஹில்மா ஆஃப் கிளின்ட் (1862-1944). அந்தத் தாயின் வீட்டுச் சுவரில் இருக்கும் படம் இவருடையதுதான். சுவீடன் நாட்டவர். ஸ்டாக்ஹோமில் முறையாக ஓவியம் பயின்றவர். 1906 முதல் 1915 வரை 'ஆலயத்துக்கான ஓவியங்கள்' என்ற வரிசையில் 193 படைப்புகளை உருவாக்கினார். அதில் 1907-இல் வரைந்த 'பத்துப் பெரிய ஓவியங்கள்' ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கும் மேல் உயரம். குழந்தைப் பருவம், இளமை, நடுவயது, முதுமை என்று மனித வாழ்வின் பருவங்களை அவை காட்டுகின்றன. அவருடைய குறிப்புகளின்படி நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை, இரண்டும் கலந்த பச்சை ஒற்றுமை. சுருள் என்பது வளர்ச்சி. தாம் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை இவற்றைக் காட்டக்கூடாது என்று அவர் விரும்பினார். 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. இவர் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர். நான்கு தோழியரோடு ஆவிகளை அழைக்கும் கூட்டங்களையும் நடத்தியவர்.

வாசிலி கண்டின்ஸ்கி (1866-1944). மாஸ்கோவில் பிறந்தவர், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 1911-ஆம் ஆண்டின் இறுதியில் 'கலையில் ஆன்மிகம்' பற்றிய புகழ்பெற்ற நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஆன்மிக வாழ்வை மெல்ல மெல்ல மேலே நகரும் ஒரு முக்கோணத்துக்கு ஒப்பிட்டார். நீலம் நம்மை எல்லையற்றதை நோக்கி இழுக்கிறது, மஞ்சள் மண்ணைச் சேர்ந்தது, வெள்ளை என்பது பிறப்புக்கு முந்திய மௌனம் என்றெல்லாம் விளக்கினார். பிரம்மஞான சபையைப் பற்றியும் அந்நூலில் பேசுகிறார்.

ஆனால் கத்தோலிக்கரான நமக்கு இன்னொரு செய்தி முக்கியமானது. ஜெர்மனியின் பவேரியா பகுதியில் முர்னவ் என்ற ஊரில் அவர் தங்கியிருந்தபோது, அங்குள்ள எளிய கத்தோலிக்க மக்கள் வீட்டில் வைத்து வணங்கும் கண்ணாடி ஓவியங்களைக் கண்டு மனம் பறிகொடுத்தார். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களைப் போலவே கண்ணாடியின் பின்புறம் வரையப்படுபவை அவை. தாமும் அந்த முறையைக் கற்றுப் புனிதர்களையும், எக்காளம் ஊதும் வானதூதரையும், நோவா காலத்து வெள்ளத்தையும் வரைந்தார். 1913-இல் அவர் வரைந்த ஆறாம் 'கம்போசிஷன்' என்ற பெரிய அரூப ஓவியம் அந்த வெள்ளத்தின் கண்ணாடிப் படத்திலிருந்தே பிறந்தது. உருவங்கள் மறைந்துவிட்டன. அழிவும் அதன் வழியே வரும் புதுப்பிறப்பும் நிறங்களாக நின்றன. விவிலியமும் ஏழைகளின் பக்தியும் இந்த ஓவியத்தின் வேர்களில் இருக்கின்றன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

பியத் மோந்த்ரியான் (1872-1944). நெதர்லாந்து நாட்டவர், கால்வினியச் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1909-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். மரங்களையும் கடலையும் வரைந்து வரைந்து, ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் நிமிர்ந்த கோடும் கிடந்த கோடும் மட்டுமே மிஞ்சும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். நிமிர்ந்தது ஆவி, கிடந்தது பொருள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சமநிலை என்பது அவர் எண்ணம்.

கசிமிர் மாலெவிச் (1879-1935). கீவ் நகரில், போலந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1915-ஆம் ஆண்டு டிசம்பரில் பெத்ரோகிராத் நகரில் நடந்த கண்காட்சியில் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தார். வைத்த இடம்தான் முக்கியம். ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் மூலை உண்டு. அறையில் கூரையை ஒட்டிய அதே மூலையில் அந்தச் சதுரத்தைத் தொங்கவிட்டார். இயேசுவும் மரியன்னையும் இருக்க வேண்டிய இடத்தில் இருண்ட ஒரு சதுரம்! சிலர் இதைப் பழிப்பாகக் கண்டார்கள். சிலர் எல்லாச் சாயல்களும் தீர்ந்த பிறகு எஞ்சும் மௌனமாகக் கண்டார்கள். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை மறக்கக்கூடாது.

திருச்சபை இரண்டு பதில்களைத் தருகிறது

இந்த நால்வரும் தேடியது என்ன? பணமா? இல்லை. காணக்கூடியவற்றுக்கு அப்பால் உள்ள ஒன்றைத் தேடினார்கள். அந்தத் தேடலைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது? இங்கே இரண்டு பதில்களைப் பிரித்து அறிய வேண்டும்.

முதல் பதில், கொள்கையைப் பற்றியது. பிரம்மஞான சபையின் போதனை நம் நம்பிக்கையோடு ஒத்துப்போகாது என்று திருச்சபை 1919-ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கத்தோலிக்கர் அதில் சேரக்கூடாது என்றும் அறிவித்தது. 'புதிய யுகம்' எனப்படும் ஆன்மிக இயக்கங்களைப் பற்றி வத்திக்கான் 2003-இல் வெளியிட்ட ஏடும் அவற்றின் வேர்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறது. ஆவிகளை அழைப்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி கண்டிப்பாக விலக்குகிறது. இதில் நாம் தடுமாற வேண்டியதில்லை. பிற சமயத்தாரையும் பிற சிந்தனையாளரையும் மதிப்பது வேறு, எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிடுவது வேறு.

இரண்டாம் பதில், கலையின் மொழியைப் பற்றியது. இங்கே திருச்சபை கதவை அடைக்கவில்லை. எந்த ஒரு கலைப் பாணியையும் தனக்கே உரியது என்று திருச்சபை கொண்டதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் (எண் 123) அறிவித்தது. எந்தக் காலத்தின், எந்த நாட்டின் கலையாக இருந்தாலும், உரிய வணக்கத்தோடு இறைப்பணிக்கு உதவினால் அதற்கு இடம் உண்டு.

சங்கத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது. ஆல்ஃபிரெட் மனேசியே (1911-1993) என்ற பிரெஞ்சு ஓவியர், போர்க்காலத்தில் ஒரு துறவு மடத்தில் தங்கியபோது கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் வரைந்தவை பெரும்பாலும் அரூப ஓவியங்களே. 1948-இல் பிரான்சு நாட்டின் லே பிரெசோ என்ற சிற்றூர் ஆலயத்துக்கு அவர் உருவங்கள் இல்லாத வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அமைத்துக் கொடுத்தார். பழைய ஆலயம் ஒன்று அரூபக் கண்ணாடிகளை ஏற்றது அங்கேதான் முதன்முறை என்பார்கள். அங்கே சாளரம் எதையும் 'காட்டவில்லை'. வெளியே இருக்கும் ஒளியை உள்ளே விடுகிறது. அந்த ஒளியில் மக்கள் பீடத்தை நோக்கி மண்டியிடுகிறார்கள்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு ஒரு மடல் எழுதினார். திருச்சபையிலிருந்து விலகி நிற்கும் கலை கூட, உண்மையான கலையாக இருந்தால், இறை அனுபவத்துக்கு ஒரு பாலமாக இருக்க முடியும் என்பது அம்மடலின் கருத்துகளில் ஒன்று. பாலம் என்பது நடந்து கடப்பதற்கு. பாலத்தின்மேலேயே வீடு கட்டிக் குடியிருக்க முடியாது அல்லவா?

நம் நாட்டிலும் இந்தப் பாலத்தில் நடந்தவர்கள் உண்டு. 1922-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஒரு கண்காட்சிக்குக் கண்டின்ஸ்கியின் படைப்புகளும் வந்தன. பின்னர், 1911-இல் நம் அடிவாரத்துக் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராகவும் 1966-இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தின் நிறுவனராகவும் விளங்கினார். கிறிஸ்தவர் அல்லாத இவர் தொடக்கக் காலத்தில் மலைப்பொழிவின் பேறுகளில் ஒன்றையே தலைப்பாக வைத்து ஓவியம் வரைந்தார். 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டங்களைப் போன்ற கட்டங்களும் எழுத்துகளும் குறிகளும் நிறைந்திருக்கின்றன. வெளிநாட்டாரின் முக்கோணத்தைக் கடன் வாங்காமல், நம் மண்ணின் எழுத்திலேயே அவர் அரூபத்தைத் தேடினார்.

இரண்டு கோடுகளும் ஒரு உடலும்

அப்படியானால் அந்த ஓவியர்களுக்கும் நமக்கும் வேறுபாடு எங்கே?

மோந்த்ரியானின் இரண்டு கோடுகளை மீண்டும் நினைப்போம். நிமிர்ந்த ஒன்று, கிடந்த ஒன்று. நம்மிடமும் அதே இரண்டு கோடுகள் இருக்கின்றன. நெற்றியில் வரைகிறோம், கல்லறையில் நடுகிறோம், குழந்தையின் தலையில் இடுகிறோம். வடிவத்தை மட்டும் பார்த்தால் சிலுவையைவிட எளிய அரூப ஓவியம் உலகில் இல்லை. ஆனால் நம்முடைய இரண்டு கோடுகளில் ஒருவர் தொங்கினார். அவருக்குத் தாய் இருந்தார். அவருக்குத் தாகம் எடுத்தது. விலாவிலிருந்து இரத்தமும் நீரும் வடிந்தன.

உதகை காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போகாதவர் நம்மில் குறைவு. அங்கே எதை வணங்கக் குனிகிறோம்? ஆண்டவர் தொங்கிய மெய்யான சிலுவையின் ஒரு சிறு துண்டை. ஒரு கருத்தை அல்ல, ஒரு கோட்டை அல்ல, ஒரு மரத்தை. இந்த மரம் நமக்குச் சொல்வது ஒன்றே. கடவுள் பொருளை விட்டு ஓடவில்லை, பொருளுக்குள் வந்தார். ஆவிநிலைக்கு ஏறிப்போக மனிதன் ஏணி தேட வேண்டியதில்லை, கடவுளே இறங்கி வந்தார். அதனால்தான் கட்புலனாகாத கடவுளின் சாயல் கிறிஸ்துவே என்று கொலோசையருக்குப் பவுலடியார் எழுதுகிறார் (1:15). 8-ஆம் நூற்றாண்டில் திருவுருவங்களை உடைக்கச் சொன்னவர்களுக்கு எதிராகத் தமஸ்கு நகர் புனித யோவான் வாதாடியதும், 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் திருவுருவ வணக்கத்தை உறுதிப்படுத்தியதும் இந்த அடிப்படையில்தான். உருவத்துக்குச் செய்யும் மரியாதை, அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைச் சேருகிறது.

இப்போது பிளவாட்ஸ்கி அம்மையாரின் தவற்றுக்குத் திரும்புவோம். காணாததைத் தேடியவர் கண்ணெதிரே இருந்த தோடரையும் குறும்பரையும் மனிதராகக் காணத் தவறினார். வார்த்தை மனிதர் ஆனார் என்று நம்புகிறவர்களுக்கு இந்தத் தவறு வரக்கூடாது. ஆனால் நமக்கும் வருகிறதே! ஆலயத்தில் நற்கருணையை வணங்கிவிட்டு, வாசலில் நிற்கும் பழங்குடிப் பாட்டியைக் காணாமல் போகிறோம். திரு இருதயப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கொழுந்துக் கூடையோடு மழையில் நனைந்து வரும் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசாமல் இருக்கிறோம். உருவம் உள்ள படத்தை வைத்திருப்பதால் மட்டும் நாம் தப்பிவிட முடியாது.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது

ஏதென்ஸ் நகருக்குப் போன பவுலடியாரைத் திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஊர் நிறையச் சிலைகளைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது. ஆனாலும் அவர் எதையும் உடைக்கவில்லை. நடந்து சுற்றிப் பார்த்தார், உற்றுக் கவனித்தார். அறியாத கடவுளுக்கு என்று எழுதப்பட்ட ஒரு பீடத்தைக் கண்டார். நீங்கள் அறியாமல் வணங்கும் அவரைத்தான் நான் அறிவிக்கிறேன் என்ற கருத்தில் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினார்.

இந்த ஓவியங்களை நாம் அப்படித்தான் பார்க்கிறோம். ஹில்மாவின் சுருளும் கண்டின்ஸ்கியின் நீலமும் மாலெவிச்சின் இருண்ட சதுரமும் அறியாத கடவுளுக்குக் கட்டப்பட்ட பீடங்கள். தாகம் உண்மையானது. தேடிப்போன கிணறுதான் எல்லா இடத்திலும் நல்ல கிணறு அல்ல.

எனவே அந்தத் தாயிடம் மூன்று காரியங்களைச் சொன்னோம்.

முதலாவது, படத்தைக் கிழிக்க வேண்டாம். நிறத்திலும் வடிவத்திலும் பாவம் இல்லை. அவற்றைப் படைத்தவர் கடவுள். ஆனால் அதை வரைந்தவர் ஆவிகளின் சொல் கேட்டதாக நம்பினார் என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார் பவுலடியார் (1 தெசலோனிக்கர் 5:21). தெரிந்து பார்ப்பது வேறு, தெரியாமல் மயங்குவது வேறு.

இரண்டாவது, மகளின் அமைதியைக் கேலி செய்ய வேண்டாம். மௌனமாக ஒன்றின் முன் அமரத் தெரிந்த பிள்ளை, நற்கருணை ஆராதனைக்குப் பாதி தூரம் வந்துவிட்ட பிள்ளை. கண்ணுக்குச் சிறு வெள்ளை வட்டமாக மட்டுமே தெரியும் அப்பத்தின் முன் நாம் மண்டியிடுவதில்லையா? அங்கே அந்த வட்டம் ஒரு கருத்தைக் குறிக்கவில்லை. அவரே இருக்கிறார். அவர் நம் பெயரைச் சொல்லி அழைக்கிறார். படம் அமைதி தரலாம். ஆனால் நாம் அழும்போது அது கேட்காது, நாம் தவறும்போது மன்னிக்காது. மகள் ஒருநாள் அழும்போது இந்த வேறுபாடு அவளுக்குப் புரியும். அந்த நாளில் வீட்டுக் கதவும் ஆலயக் கதவும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டும். இன்று சண்டை போட்டு அதை அடைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, அவள் கேட்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொள்வோம். ஆலயத்தில் அவளுக்கு ஏன் அமைதி கிடைக்கவில்லை? நம் ஒலிபெருக்கிச் சத்தத்திலா, அவசரத்திலா, ஒருவரை ஒருவர் குறைபேசும் பேச்சிலா அது தொலைந்தது? பிள்ளைகள் வேறு கிணறு தேடிப் போகும்போது, நம் கிணற்றில் தூர் வாரியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டியது நம் கடமை.

தாய் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும். ராத்திரி செபமாலை சொல்லும்போது அவளையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றார். அவர் சொன்னதற்கு மேல் நாம் என்ன சொல்ல முடியும்?

செபிப்போம்: காண முடியாதவரான தந்தையே, உம் திருமகனின் முகத்தில் எங்களுக்கு உம்மைக் காட்டினீர். நிறங்களிலும் கோடுகளிலும் உம்மைத் தேடுகிறவர்களை உம் பக்கம் ஈர்த்தருளும். எங்கள் கண்ணெதிரே நிற்கும் சகோதர சகோதரிகளில் உம்மைக் காணும் வரத்தை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தாரும். ஆமென்.